ஐந்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு பாட்டுக்கூடம்: லண்டன் வில்ட்டன்ஸ் மியூசிக் ஹால் – நிகழ்வு ஆய்வு

கிழக்கு லண்டனில், கேபிள் தெருவுக்குச் சற்றுத் தெற்கே, என்சைன் தெருவையும் வெல்க்ளோஸ் சதுக்கத்தையும் இணைக்கும் குறுகலான சந்து கிரேசஸ் ஆலி. அதன் ஒரு பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய பழைய வீடுகள் நிற்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வீடுகள் மட்டும்தான் தெரியும். அவற்றின் கொல்லைப்புறம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, தெருவுக்கு முகமே காட்டாமல், 1859-இல் கட்டிய ஒரு பெரிய பாட்டுக்கூடம் இருக்கிறது. பெயர் வில்ட்டன்ஸ் மியூசிக் ஹால்.

மதுக்கூடத்தோடு ஒட்டிப் பிறந்த முதல் தலைமுறை மியூசிக் ஹால்களில் இன்றுவரை நிலைத்திருப்பவை மிகச் சில. வில்ட்டன்ஸ் அதில் ஒன்று. 160 ஆண்டுகளுக்கு மேலான அதன் வாழ்க்கையில் பாட்டுக்கூடமாக இருந்த காலம் ஏறத்தாழ 20 ஆண்டுதான். மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையின் மிஷனாக அதைவிட மூன்று மடங்கு காலம் இருந்தது. பிறகு கந்தல்துணிக் கிடங்கு, பூட்டிய கட்டடம், ஓபரா கம்பெனியின் இடம், இப்போது மறுபடி அரங்கு.

இந்த மாற்றங்களுக்கு ரசனை மாறியது, குடியிருப்பு மாறியது என்று பல காரணங்கள் சொல்லலாம். எங்கள் பார்வையில் ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டடத்தின் விதியைத் தீர்மானித்தது அதன் வாசல்தான். உள்ளே எத்தனை பேர் வரலாம், ஆபத்து என்றால் எத்தனை பேர் வெளியேற முடியும் என்ற கணக்கு. வாசல் முன்வீடுகளின் வழியாக மட்டுமே என்ற அமைப்பு கூடத்தை உருவாக்கியது, மூட வைத்தது, பின்னர் இடிபடாமல் காத்ததிலும் அதற்குப் பங்குண்டு.

கூடம் ஏன் பின்னால் போனது

சந்தின் முதல் வீட்டில் 18ஆம் நூற்றாண்டிலேயே மதுக்கடை இருந்தது. பக்கத்து வெல்க்ளோஸ் சதுக்கம் அப்போது ஸ்காண்டிநேவியக் கப்பல் தலைவர்களும் வணிகர்களும் வாழ்ந்த இடம். 1820களில் கடைக்காரர் மஹோகனி மரத்தில் மேசையும் அலமாரியும் போட்டதால் ‘மஹோகனி பார்’ என்ற பெயர் ஊரில் நிலைத்தது என்பார்கள். 1839-இல் கடைக்குப் பின்னால் ஒரு சிறிய கச்சேரி அறை எழுந்தது. 1843-இல் சிறிது காலம் நாடகம் போடும் உரிமம்கூட அதற்குக் கிடைத்தது.

அந்த 1843-இல் வந்த நாடகச் சட்டம்தான் மியூசிக் ஹால் என்ற வகைக்கே அடித்தளம். நாடக உரிமம் வாங்கினால் பார்வையாளர் அமரும் இடத்தில் குடிக்கவும் புகைக்கவும் கூடாது. குடியும் சாப்பாடும் வேண்டும் என்றால் நீதிபதிகளிடம் இசை, நடன உரிமம் மட்டும் வாங்க வேண்டும், முழு நாடகம் போடக்கூடாது. மதுக்கடைக்காரர்களுக்கு வருமானம் குடியில்தான். ஆகவே அவர்கள் இரண்டாவது வழியை எடுத்தார்கள். கட்டட வடிவம் அதிலிருந்து தானாக வந்தது: மேசை நாற்காலி போடச் சமதளத் தரை, பரிமாறுபவர் நடக்க இடைவெளி, மேசைகளுக்கு மேலாகப் பார்வை போக உயரமான மேடை, மூன்று பக்கமும் பால்கனி.

ஜான் வில்ட்டன் 1850 வாக்கில் இந்தத் தொழிலை வாங்கினார். மூன்றாண்டில் கச்சேரி அறையைப் பெரிதாக்கினார். அதுவும் போதவில்லை. பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அவற்றின் கொல்லைகளை ஒன்றாக்கி, பாத் நகரைச் சேர்ந்த ஜேக்கப் மேக்ஸைக் கொண்டு புதிய கூடத்தைக் கட்டி 1859 மார்ச்சில் திறந்தார்.

முன்வீடுகளை இடித்துப் பகட்டான முகப்பு வைக்காததில் கணக்கு இருந்தது. தெருமுகப்பு நிலம் விலை கூடியது, கொல்லை நிலம் மலிவு. வருகிறவர் எல்லோரும் மதுக்கடை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். போகும்போதும் வரும்போதும் விற்பனை நடக்கும். வாசலில் ஓர் ஆள் நின்றால் கூட்டம் முழுவதையும் கண்காணிக்கலாம். அன்றைய வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது.

உள்ளே இருந்தவை

கூடத்தின் நீளமான செவ்வகத்தில் ஒரு முனையில் மேடை. மேலே பீப்பாய் வடிவ வளைகூரை. பால்கனியைத் தாங்குபவை வார்ப்பிரும்புத் தூண்கள். கயிற்றை முறுக்கியதுபோல் அடியிலிருந்து உச்சிவரை சுற்றிச் செல்லும் வரியோடு வார்த்தவை, இந்தக் கூடத்தின் அடையாளமே அவைதான். மெல்லிய தூண் என்பதால் பின்னால் இருப்பவரின் பார்வையை அதிகம் மறைக்காது. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையையும் அடியையும் தாங்காது. செங்குத்தாகப் பாரம் இறங்கும்வரை பிரச்சினை இல்லை. அடித்தளம் ஒரு பக்கம் இறங்கித் தூண் சாய்ந்தாலும், தீயில் பழுத்த தூணின் மேல் தண்ணீர் பீய்ச்சினாலும் முன்னறிவிப்பின்றி விரிசல் விடும். விரிசல் விட்டதை அங்கேயே வெல்டிங் வைத்துச் சரிசெய்வது ஆபத்து, சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் புது விரிசல் வரும். உலோகப் பூட்டுகளை விரிசலுக்குக் குறுக்காகத் துளையிட்டு இறக்கும் குளிர்முறைத் தையல்தான் பாதுகாப்பானது.

பால்கனியின் முன்பக்கம் வயிறு தள்ளினாற்போல் வெளியே வளைந்திருக்கும். மேலே இலை, பூ வேலைப்பாடு. கல்லோ மரமோ போலத் தோன்றும், உண்மையில் காகிதக்கூழ், பசை, சுண்ணப்பொடி கலந்து அச்சில் அழுத்தி எடுத்த பலகைகள். அச்சு ஒன்று இருந்தால் ஒரே வேலைப்பாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், எடையும் குறைவு, மரச்சட்டத்தில் ஆணி அடித்து மாட்டிவிடலாம். இதன் எதிரி ஈரம். ஓரிடத்தில் நீண்ட நாள் கசிந்தால் பசை கரைந்து பலகை தளர்ந்து ஆணித்தலையிலிருந்து கழன்று தொங்கும். அந்த நிலையில் அவசரப்பட்டு ஹீட்டர் வைத்து உலர்த்தினால் முன்முகமும் பின்முகமும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். முதலில் கசிவை நிறுத்த வேண்டும், பிறகு காற்றோட்டத்தில் வாரக்கணக்கில் மெல்ல உலர விட வேண்டும், அதன் பின்தான் தளர்ந்த பகுதியைப் பின்னாலிருந்து துணியும் சாந்தும் வைத்துப் பிடிக்க வேண்டும்.

கூரையின் நடுவில் 300 எரிவாயுத் திரிகளும் 27,000 பட்டைதீட்டிய கண்ணாடித் துண்டுகளும் கொண்ட ‘சன்பர்னர்’ விளக்கு தொங்கியதாக அக்காலத்து வர்ணனை. இன்று அந்த விளக்கு இல்லை. சன்பர்னர் வெறும் விளக்கல்ல, காற்றோட்ட எந்திரமும் அதுவே. வட்டமாக அடுக்கிய தீச்சுடர்களுக்கு மேலே கூரையைத் தாண்டிச் செல்லும் குழாய் இருக்கும். சூடான புகை அதில் மேலேறும்போது கூடத்திலிருக்கும் வியர்வை நாற்றம், புகையிலைப் புகை, கரியமில வாயு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நூற்றுக்கணக்கானோர் புகைபிடித்த கூடத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் பல நூறு டிகிரிச் சூட்டில் ஒரு குழாய் மரச்சட்டக் கூரையின் ஊடாகப் போகிறது. அதனால் குழாயைச் சுற்றி இன்னொரு உறை, இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளி கட்டாயம். உறை துருப்பிடித்தாலோ, இடைவெளியில் தூசு அடைத்தாலோ, பக்கத்து மரம் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கருகி, குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் பக்குவத்துக்கு வந்துவிடும்.

தொடக்க ஆண்டுகளில் ஓபராப் பகுதிகளும் பலகுரல் பாட்டுகளும் நிகழ்ச்சியின் முதுகெலும்பு, இடையிடையே சர்க்கஸ், பாலே. பிறகு ஜார்ஜ் லேபோர்ன், ஆர்தர் லாயிட் போன்ற நட்சத்திரப் பாடகர்களின் காலம் வந்தது. கூடத்தில் 1,500 பேர்வரை அடைத்ததாகச் சொல்லப்படுகிறது.

1877 தீயும் 1878 சட்டமும்

வில்ட்டன் 1860களின் கடைசியில் தொழிலை விட்டு விலகினார். 1877-இல் கூடம் தீப்பிடித்து உட்புறம் எரிந்தது, வெளிச்சுவர்கள் நின்றன. அடுத்த ஆண்டே மறுபடி கட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் உட்புறத்தில் பெரும்பகுதி இந்த 1878 வேலை.

இந்த வட்டாரத்துக்குக் கட்டட விபத்து புதிதல்ல. 1828-இல், இதே தெருக்கோடியில் இருந்த பிரன்ஸ்விக் தியேட்டர், திறந்த மூன்றே நாளில் இரும்புக் கூரையின் பாரம் தாங்காமல் பகல் ஒத்திகையின்போது இடிந்து விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு அரங்குகளுக்கென்று உருப்படியான பாதுகாப்பு விதி வரவில்லை. 1878-இல்தான் லண்டன் கட்டடச் சட்டத் திருத்தம் வந்து, நகரப் பணி வாரியத்துக்கு அதிகாரம் கொடுத்தது: புதிய அரங்குகள் தகுதிச் சான்று பெற வேண்டும், பழையவற்றில் தீ ஆபத்தான குறைகளைத் திருத்தச் சொல்லலாம். மாடிப்படி, கதவு, வெளிவழி எல்லாம் கணக்கில் வந்தன. திருத்தக் கட்டுப்படியாகாமல் ஏராளமான சிறிய கூடங்கள் அந்தப் பத்தாண்டில் மூடின. வில்ட்டன்ஸும் 1881 வாக்கில் பாட்டுக்கூடமாக முடிந்துபோனது.

ஏன் திருத்த முடியவில்லை என்பதை இன்றைய இங்கிலாந்து வழிகாட்டியின் எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். (அன்றைய எண்கள் வேறு, பிரச்சினை ஒன்றுதான்.) 60 பேர்வரை ஒரு வெளிவழி போதும், 600 வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. 220 பேருக்கு 1,050 மி.மீ. அகலக் கதவு, 220-ஐத் தாண்டினால் மொத்தப் பேருக்கும் ஆளுக்கு 5 மி.மீ. வீதம் அகலம் வேண்டும். அதோடு, தீ எந்த வழியை மறிக்கும் என்று தெரியாததால், ஒரு வழி அடைபட்டதாக வைத்து மீதி வழிகளால் எல்லோரும் வெளியேற முடிய வேண்டும்.

1,500 பேருக்கு 7,500 மி.மீ., அதாவது ஏழரை மீட்டர் அகல வழி வேண்டும், ஒரு வழி அடைபட்ட பிறகும். கூடத்தின் மற்ற மூன்று பக்கமும் அடுத்தவர் நிலம், அடுத்தவர் சுவர். இருப்பது சந்துப்பக்கம் ஒன்றே. அந்தப் பக்கத்து வீடுகளில் ஏழரை மீட்டர் திறப்பு என்றால் இரண்டு வீட்டின் தரைத்தளத்தையே எடுத்துவிட வேண்டும். எடுத்தாலும் அத்தனை கூட்டமும் ஒரே சந்தில்தான் கொட்டும். மாறாக, 1,050 மி.மீ. கதவு இரண்டு மட்டும் வைத்தால், ஒன்றைக் கழித்து, அனுமதி 220 பேர்தான். 1880களில் 220 டிக்கெட்டை நம்பி நட்சத்திரப் பாடகருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. வெஸ்ட் எண்டிலும் பெரிய தெருக்களிலும் நான்கு பக்கமும் வாசல் வைத்த பெரிய வெரைட்டி அரங்குகள், அதாவது பலவகை நிகழ்ச்சிகளைக் கலந்து நடத்தும் அரங்குகள், எழுந்துவிட்ட நேரம் அது.

பாட்டுக்கூடம் மிஷன் ஆனபோது

1888-இல் மெதடிஸ்ட் திருச்சபையின் ஈஸ்ட் எண்ட் மிஷன் கட்டடத்தை வாங்கியது. மதுவை எதிர்த்த சபை என்றாலும் ‘மஹோகனி பார் மிஷன்’ என்றே பெயர் வைத்தார்கள். ஊருக்குத் தெரிந்த பெயர், வழி கேட்டால் யாரும் சொல்வார்கள்.

இந்தக் கைமாற்றம் தற்செயல் அல்ல. உழைக்கும் மக்கள் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தால் தயங்குகிறார்கள் என்று கண்ட மெதடிஸ்டுகள் அந்தக் காலத்தில் பல நகரங்களில் அரங்கு போன்ற கூடங்களையே விரும்பினார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும்? ஒலிபெருக்கி இல்லாமல் ஒருவர் குரல் பல நூறு பேருக்குக் கேட்க வேண்டும், எல்லோருக்கும் மேடை தெரிய வேண்டும், கூட்டமாகப் பாட வேண்டும். வில்ட்டனுக்கும் இவையே வேண்டியிருந்தன. ஆகவே சுவரை உடைக்கவோ பால்கனியை எடுக்கவோ தேவை எழவில்லை. பிரார்த்தனைக்கு அரங்க உரிமம் வேண்டியதில்லை. முன்வீடுகளில் சமையல், வகுப்பு, தங்குமிடம்.

அடுத்த ஆண்டே, 1889-இல், லண்டன் துறைமுகத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் வந்தது. துறைமுகம் இங்கிருந்து கூப்பிடு தூரம். கூலி நின்ற குடும்பங்களுக்கு மிஷனில் கஞ்சித்தொட்டி போட்டு நாளுக்கு ஆயிரம் சாப்பாட்டுக்குக் குறையாமல் கொடுத்தார்கள். மதுக்கடையாகக் கட்டிய அமைப்பு இங்கே கைகொடுத்தது: சரக்கு இறக்கும் நிலவறை, தெருவை ஒட்டிய பரிமாறும் அறை, பின்னால் உட்கார்ந்து சாப்பிடப் பெரிய கூடம். 1936 அக்டோபர் 4 அன்று பிரிட்டிஷ் பாசிசத் தலைவர் மோஸ்லியின் ஊர்வலத்தைத் தடுக்கக் கேபிள் தெருவில் மக்கள் திரண்டபோதும் மிஷன் தஞ்சம் தந்தது. 1940-41 குண்டுவீச்சில் சுற்றுவட்டாரம் சிதைந்தது, கூடம் தப்பியது.

எங்களுக்கு இந்த 68 ஆண்டு மிஷன் காலம்தான் கட்டடத்தின் வரலாற்றில் மிக முக்கியமான பகுதி. மியூசிக் ஹால் பற்றி எழுதுகிறவர்கள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுவது வருத்தம் தருகிறது. பாட்டுக்கூடமாகவே வெற்றிகரமாகத் தொடர்ந்திருந்தால் 1890களில் வெரைட்டி தியேட்டராகவும், 1910களில் சினிமாவாகவும், 1960களில் பிங்கோ கூடமாகவும் மாறி, ஒவ்வொரு முறையும் உட்புறம் புதிதாகி, 1859-உம் 1878-உம் சுவடின்றிப் போயிருக்கும். லண்டனின் ஹாக்ஸ்டன் ஹால் இதற்கு நல்ல ஒப்பீடு. 1863-இல் கட்டியது, 1879-இல் மதுவிலக்கு மிஷன் வாங்கியது, பின்பு குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கைக்குப் போனது, பால்கனிகள் இன்றும் இருக்கின்றன. கிளாஸ்கோவின் பிரிட்டானியா மியூசிக் ஹால் வேறு வழியில் தப்பியது. 1938-இல் மூடியதும் கீழ்த்தளத்தைத் தொழிற்கூடமாக்கி, மேலே பொய்க்கூரை போட்டார்கள். அதற்கு மேலிருந்த பால்கனி கண்ணில் படாமலே பல பத்தாண்டுகள் பிழைத்துக் கிடந்தது.

கந்தல் கிடங்கிலிருந்து பட்டியல் வரை

1956-இல் மிஷன் வெளியேறியது, கூடம் கந்தல்துணி பிரிக்கும் கிடங்கானது. துணி மூட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எலி வரும், எளிதில் தீப்பிடிக்கும். ஆனாலும் கிடங்குக்காரருக்கு அலங்காரத்தில் அக்கறை இல்லை, அதை உடைக்கும் தேவையும் இல்லை.

உண்மையான ஆபத்து 1960களின் குடிசைமாற்றுத் திட்டத்தில் வந்தது. வெல்க்ளோஸ் சதுக்கத்து வீடுகள் இடிபட்டன. வில்ட்டன்ஸும் இடிக்க வேண்டிய பட்டியலில் இருந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன் முன்னின்ற இயக்கத்தில் நடிகர்கள் பீட்டர் செல்லர்ஸ், ஸ்பைக் மில்லிகன் ஆகியோரும் சேர்ந்தார்கள். 1966-இல் பெருலண்டன் மன்றம் கட்டடத்தை வாங்கியது, 1971-இல் பாரம்பரியக் கட்டடங்களுக்கான இரண்டாம் நிலை நட்சத்திரப் பட்டியலில் பாதுகாக்கப்பட்டது.

பட்டியல் இடிப்பதைத் தடுக்கும், ஓட்டைக் கூரையை அடைக்காது. அதன் பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் கூடம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. நடுநடுவே அவசரப் பழுதுபார்ப்பும் படப்பிடிப்பும் நடந்தன. 1997-இல் டெபோரா வார்னர் இயக்கத்தில் நடிகை ஃபியோனா ஷா டி.எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதையை ஒற்றை ஆளாக நிகழ்த்தியபோதுதான் பொதுமக்கள் மறுபடி உள்ளே வந்தார்கள். உரிந்த சுவரும் குறைந்த வெளிச்சமுமாக இருந்த கூடத்தை அப்படியே பயன்படுத்திய நிகழ்ச்சி அது. இந்த நிலையிலேயே கூடத்துக்கு அழகு இருக்கிறது என்று அன்று பலர் கண்டுகொண்டது, பின்னால் பழுதுபார்ப்பின் திசையையே மாற்றியது. தொடர்ந்து புரூம்ஹில் ஓபரா இங்கே குடியேறியது, 2004-இல் தனி அறக்கட்டளை பொறுப்பேற்றது.

பணம் எளிதில் வரவில்லை. 2003-இல் பிபிசியின் பழைய கட்டடங்களுக்கான போட்டி நிகழ்ச்சியில் கலந்துகொண்டது, வென்றது மான்செஸ்டரின் விக்டோரியா குளியலகம். 2007-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 2011-இல் பாரம்பரிய லாட்டரி நிதிக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் கூடம், வேறு நன்கொடைகளைக் கொண்டு, 2013 தொடக்கத்தில் முடிந்தது. பிறகு முன்வீடுகள், லாட்டரி நிதி தந்த 18.5 லட்சம் பவுண்டு உதவியோடு, 2015-இல் முடிந்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 40 லட்சம் பவுண்டு. அதுவரை பயன்படுத்த முடியாமல் கிடந்த சுமார் 40 விழுக்காட்டு இடம் பயனுக்கு வந்தது. பிரித்துச் செய்தது நல்லதாயிற்று: கூடம் ஓடி வருமானம் ஈட்டும்போதே முன்வீடுகளில் வேலை நடந்தது.

எதைத் தொடக்கூடாது என்ற முடிவு

ஹாக்னி எம்பயர் அரங்கைப் புதுப்பித்த டிம் ரொனால்ட்ஸ் கட்டடக்கலை நிறுவனம்தான் இங்கும் பொறுப்பு. அவர்கள் எடுத்த முடிவு: எந்த ஓர் ஆண்டுக்கும் கட்டடத்தைத் திருப்பிக் கொண்டுபோவதில்லை. 1859 பளபளப்பும் வேண்டாம், 1878-உம் வேண்டாம். சிதைவை நிறுத்துவது, ஆபத்தை நீக்குவது, கிடைத்த எல்லா அடுக்குகளையும் அப்படியே விடுவது. வில்லியம் மோரிஸ் 1877-இல், அதாவது கூடம் எரிந்த அதே ஆண்டில், பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கி வலியுறுத்தியதும் இதுவே.

சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குக் கடினம். பழையதை இடித்துப் புதிதாகப் பூசும் வேலைக்குச் சதுர மீட்டர் கணக்கில் விலை பேசலாம். ‘இந்தக் காரையை விடு, அந்தக் காரையை எடு’ என்ற வேலைக்கு ஒவ்வோர் அறையிலும் சுவர் சுவராக நின்று குறித்துத் தர வேண்டும். குறிக்காமல் விட்டால், நல்ல எண்ணத்தோடு வரும் கொத்தனார் ஒருவர் ஒரே நாளில் 150 ஆண்டுக் காரையைக் கொத்தித் தள்ளிவிடுவார்.

ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். மென்மையான பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே மயிர் கலந்த சுண்ணாம்புக் காரை, அதன் மேல் பல அடுக்கு வண்ணம். விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனால் ஒட்டியிருக்கும் காரை கெட்டியாகவும் கழன்றது பொத்தென்றும் ஒலிக்கும். கழன்ற இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறிக்க வேண்டும். பொத்தென்று கேட்டதையெல்லாம் எடுக்கத் தேவையில்லை. உள்ளங்கையால் அழுத்தினால் அசையாதது நிற்கும். அசைவதைச் சிறு துளை வழியே நீர்த்த சுண்ணாம்புக் குழம்பு செலுத்தி ஒட்ட வைக்கலாம். விழுந்தே போன இடத்தில் ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் சுண்ணாம்பும் கூர்மணலும். ஒரு பூச்சு 10 மி.மீ. கனத்தில் இருக்கலாம், தடித்தால் விரிசல் விடும். முந்தைய பூச்சு நகம் பதியும் அளவு இறுகிய பிறகே அடுத்தது. முதல் சில நாள் ஈரச்சாக்கு தொங்கவிட்டுக் காக்க வேண்டும், 5 டிகிரிக்குக் கீழே குளிர் இருந்தால் வேலையைத் தொடவே கூடாது.

இங்கே சிமெண்டைத் தடவினால் என்ன ஆகும்? சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரம் பக்கத்துச் செங்கல்லுக்குத் திரும்பி, உப்பு பூத்து, குளிரில் உறைந்து, செங்கல்லின் முகமே தகடு தகடாக உரியும். ஐந்தாண்டில் சிமெண்ட் ஒட்டு மட்டும் கெட்டியாக நிற்க, சுற்றியுள்ள சுவர் மாவாகக் கொட்டும்.

பழைய வண்ணத்தை அப்படியே விடுவதற்கும் நிபந்தனை உண்டு. அதில் ஈயம் இருக்கும், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது. பல அடுக்கு வண்ணம் சேர்ந்தால் தீயும் வேகமாகப் பரவும். தளர்ந்த செதில்களை மட்டும் எடுத்து, மீதியைப் பளபளக்காத நிறமற்ற திரவத்தால் பிடித்து, வெளியேறும் வழிகளில் இருக்கும் பரப்புகளைத் தனியாகச் சோதித்துச் சான்று பெற வேண்டும்.

முன்வீடுகளில் தலைவலி தரையின் பலம். குடியிருப்பு அறையின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறத்தாழ 150 கிலோ, தாங்கினால் போதும் என்பது இன்றைய கணக்கு. நாலரை மீட்டருக்கு நான்கு மீட்டர் அறை, 18 சதுர மீட்டர், அதை மதுக்கூடமாக்கினால் ஆளுக்கு 0.3 சதுர மீட்டர் வீதம் 60 பேர் நிற்பார்கள். ஆளுக்கு 75 கிலோ என்றால் 4,500 கிலோ, சதுர மீட்டருக்கு 250 கிலோ. மக்கள் கூடும் இடத்துக்கு விதி கேட்பது 400 முதல் 500 வரை. பழைய உத்தரத்தைப் பிடுங்காமல் பக்கத்தில் புது உத்தரம் இணைப்பது, நடுவில் எஃகுத் தகடு செருகுவது, இவை இரண்டும் போதாத அறையை அலுவலகமாக வைத்துக்கொள்வது என்று அறைக்கு அறை முடிவெடுக்க வேண்டும். எந்த அறைக்கு என்ன பயன் என்பதை மரத்தின் கனம் சொல்லட்டும், முதலில் பயனை முடிவுசெய்து அதற்குக் கட்டடத்தை வளைக்க வேண்டாம் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து.

நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த இந்த வகைக் கூடங்களில் மழைநீருக்கு வெளிப்புறம் விழ இடம் கிடையாது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே மறைந்திருக்கும் ஈயக் கால்வாய்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. ஈயத் தகட்டைக் கனத்துக்கேற்ப ஒன்றரை முதல் மூன்று மீட்டர் துண்டாகவே போட வேண்டும். அதற்கு மேல் ஒரே துண்டாகப் போட்டால் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி வெடிக்கும். துண்டுக்குத் துண்டு 50 மி.மீ. படி, 80-க்கு 1 சரிவு. கால்வாய் அடைத்தால் நீர் நேராகச் சுவரின் தலையில் இறங்கி, உத்தரத்தின் சுவருக்குள் புதைந்த முனையை உளுக்க வைக்கும். பால்கனியின் காகிதக்கூழ் பலகைகள் ஊறுவதும் இப்படித்தான்.

இப்போதைய நிலை

2016-இல் இந்த வேலைக்குப் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் ராயல் நிறுவனத்தின் தேசிய விருது கிடைத்தது. இன்று நாடகம், ஓபரா, பழைய பாணி வெரைட்டி, கச்சேரி எல்லாம் நடக்கின்றன. ஒரு காட்சிக்கு முன்னூறு, நானூறு பேர் அளவுதான். 1,500 பேர் திணிந்த கூடம் இன்று அதில் கால்பங்கை வைத்துக்கொண்டு வாழ வேண்டும்.

ஒலியைப் பொறுத்தவரை இது இழப்பல்ல, ஒரு சிக்கல் மட்டும் உண்டு. காரைச்சுவரும் வளைகூரையும் ஒலியை விழுங்காது, மனித உடலும் உடையும்தான் பெரும்பங்கு விழுங்கும். 1,500 பேருக்குக் கட்டிய கூடத்தில் 300 பேர் உட்கார்ந்தால் எதிரொலி நீளும். தனிக்குரலுக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் அது சிறப்பு. டிரம்ஸும் ஆம்பிளிஃபயரும் வந்தால் சொற்கள் குழம்பும். கனமான திரைகளைப் பால்கனியின் பின்சுவரில் இழுத்துவிடுவது, ஒலிபெருக்கியைச் சிறியதாக்கி ஆட்களுக்கு அருகே வைப்பது, மேடையில் கலைஞர்கள் தங்களைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கியின் ஒலியளவைக் குறைப்பது உதவும். அடித்தொனி கூரை வழியே அண்டைவீடுகளுக்குப் போவதைத் திரை தடுக்காது, அதற்குக் கூரையில் கனம் சேர்க்க வேண்டும். கனம் சேர்த்தால் பழைய சட்டம் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வரவுக்கு டிக்கெட் போதாது. முன்வீடுகள் திறந்ததும் மஹோகனி பார், காட்சி இல்லாத மாலைகளிலும் ஓடத் தொடங்கியது. திருமணம், படப்பிடிப்பு, பள்ளிக் குழந்தைகளுக்கான வகுப்பு, வரலாற்றுச் சுற்றுலா என்று மற்ற வரவுகள். 1859-இல் வில்ட்டன் போட்ட கணக்கில், பாட்டு கூட்டத்தை இழுத்தது, பணம் முன்கடையில் சேர்ந்தது. இன்றும் வீடுகள் சம்பாதித்துக் கூடத்தைக் காப்பாற்றுகின்றன. ஆனால் கால்வாய் சுத்தம், கூரை ஏறிப் பார்ப்பது, தளர்ந்த காரையைத் தட்டிப் பார்ப்பது ஆகியவற்றுக்கு யாரும் நன்கொடை விழா நடத்துவதில்லை. நன்கொடையாளர் பெயர்ப்பலகை வைக்கும் வேலைக்குத்தான் தருவார்கள். அதனால் மதுக்கூட வரவிலிருந்து ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனிக்கணக்கில் ஆண்டுதோறும் ஒதுக்குவதை இத்தகைய அறக்கட்டளைகள் விதியாகவே எழுதி வைக்க வேண்டும். இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறை, பனி உருகியதும் ஒருமுறை கால்வாயில் ஆள் இறங்கியாக வேண்டும்.